தண்ணீர் கேட்காத சரிவு

பிரான்சில் ஒரு பயிருக்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை என்று அண்ணன் மகள் போனில் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் அவருடைய வயல் வரப்பில் நாங்கள் நின்றிருந்தோம். வாய்க்காலில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டு, தண்ணீர் உள்ளே நுழைந்து வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாய்ச்சாம எப்படிம்மா? மழை இல்லைன்னா?"

"மழை இல்லைன்னா இல்லைதாம்ப்பா. வேர் கீழ போய்த் தேடிக்கும்."

"யாரு சொன்னா?"

"இங்க சட்டமே அப்படித்தான். ஊர் பேரைப் போட்டு விக்கிற ஒயினுக்குக் கொடிக்குத் தண்ணி காட்டக் கூடாது."

அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "பயிருக்குத் தண்ணி காட்டினா கேஸ் போடுவாங்களாம். கேட்டியா?"

அவள் வேளாண்மை படித்தவள். மேல்படிப்புக்குப் பிரான்ஸ் போய், அங்கேயே ஜூரா என்ற பகுதியில், கணவரை இழந்த ஓர் அம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊரில் இதைப் பலவிதமாகச் சொன்னார்கள். டீக்கடையில் ஒருவர் அண்ணனைப் பார்த்து, "பொண்ணு வெளிநாட்டுல சாராயம் காய்ச்சுதாமே" என்றார். "காரைக்காலுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வர்றவன்லாம் பேசாத" என்று அண்ணன் டீயை ஆற்றினார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், கேட்டவரும் சேர்ந்துதான்.

அந்தக் கோடையில் அவள் சொன்ன விஷயம் வேறு. அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. வயதாகிவிட்டது. ஒரு சரிவை மட்டும் யாருக்காவது நீண்ட குத்தகைக்கு விட நினைத்தார். கேட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள், எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். இவளுக்கும் ஆசை என்று தெரிந்ததும், இந்த ஒரு வருடம் அந்தச் சரிவை நீயே தனியாகப் பார், பழம் பறித்து முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அம்மாள் சொல்லிவிட்டார்.

"உன்கிட்ட என்ன குறை கண்டாங்க?" என்று கேட்டேன்.

"என் கை சும்மா இருக்காதாம் அத்தை. எப்பவும் எதையாவது கிள்ளிக்கிட்டே இருக்கேனாம்."

அண்ணனுக்கு இது குறையாகவே படவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்தான் சொன்னார். நான் தஞ்சாவூரில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடுப்புப் போட்டேன். நாங்கள் விமானம் ஏறக் கிளம்பிய அன்று சாலை முழுக்க வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். காவித் துணி, வெறுங்கால், சிறிய தேர். எதிரே வந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவே கார் மெதுவாகத்தான் ஊர்ந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கடைசி வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். குறுவை கதிர் வாங்குகிற சமயம். தண்ணீர் பார்க்க ஓர் ஆளை வைத்திருந்தார்.

பாரிஸ் விமான நிலையத்தில் எங்களுக்கு ரயிலுக்கு வழி காட்டியவர் காரைக்கால்காரர். பல வருடமாக அங்கே இருக்கிறவர். ஜூரா என்றதும் புருவத்தைத் தூக்கினார். "அங்க என்னங்க இருக்கு? மாடு, சீஸ், பனி. ஒயினுக்குன்னா வேற பக்கம்ல போவாங்க."

ரயில் கிழக்கே போனது. நிலம் முதலில் தட்டையாக, அறுத்து முடித்த கோதுமைத் தாளோடு, நம் ஊர் வயல்போலவே இருந்தது. பிறகு மெல்ல மடிந்து எழுந்தது. ஸ்விட்சர்லாந்து எல்லைக்கு முந்தைய மலை வரிசை அது. சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுப் போட்ட மாடுகள் சரிவுகளில் படுத்திருந்தன. தோட்டங்கள் சிறியவை. ஒரு காடு, ஒரு மேய்ச்சல் நிலம், நடுவில் கைக்குட்டை அளவில் திராட்சை, மறுபடி காடு. பெரிய மாளிகையோ பெயர்ப்பலகையோ எங்கும் இல்லை. வீடுகளின் சுவரில் சாக்கட்டியில் எழுதியதுபோல 'ஒயின்' என்ற ஒரு சொல், ஓர் அம்புக்குறி.

அம்மாள் எங்களை வாசலில் நின்று வரவேற்றார். உயரமானவர், ரப்பர் பூட்ஸ், ஆண்களின் சட்டை. அவர் பேசியதையெல்லாம் அண்ணன் மகள் உடனுக்குடன் தமிழில் சொன்னாள், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். அதனால் என் நினைவில் அந்த அம்மாள் தஞ்சாவூர்க்காரியாகவே பேசுகிறார்.

"வாங்க, உக்காருங்க. பயணம் அலுப்பா இருந்துச்சா? காலைல ஒயின் வைக்கிற பாதாள அறையக் காட்டுறேன். இன்னைக்குச் சாப்புட்டுத் தூங்குங்க."

மறுநாள் காலை மூடுபனி. எதிர்ச் சரிவு தெரியவில்லை. மாடுகளின் கழுத்து மணி மட்டும் கேட்டது, தூரமா பக்கமா என்று சொல்ல முடியாதபடி. பாதாள அறைக்குப் படி இறங்கும்போதே அண்ணன் நின்றுவிட்டார்.

"யாரோ வெந்தயம் வறுக்கிறாங்க."

யாரும் வறுக்கவில்லை. அது பீப்பாய்களின் வாசனை. அம்மாள் ஒரு பீப்பாயின் மேல் அடைப்பைத் திறந்து விளக்கைப் பிடித்தார். உள்ளே ஒயினின் மேல் சாம்பல் வெண்மையில் ஒரு மெல்லிய ஏடு படிந்திருந்தது, காய்ச்சிய பால் ஆறும்போது படிவதுபோல.

மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்களாம். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். இங்கே இந்த ஒரு வகைக்கு மட்டும் நிரப்புவதில்லை. குறையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். காலியான இடத்தில் ஏடு தானாகப் படிகிறது. ஏட்டுக்கு அடியில் ஒயின் ஆறு வருடத்துக்கும் மேலாகக் கிடந்து மஞ்சளாகிறது, அந்த வெந்தய வாசனை வருகிறது. அத்தனை காலமும் பீப்பாயை அசைக்கக்கூடக் கூடாது. ஏடு உடைந்தால் போயிற்று.

"ஆறு வருசம் கிட்டப் போகாம இருப்பாங்களா?" அண்ணன் கேட்டார்.

"கிட்டப் போவோம். தொட மாட்டோம்" என்றார் அம்மாள், மகளின் வாய்வழியாக. பிறகு அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்க்கவில்லை. காது சிவந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. என் சரிவுப் பழம் இந்த வகைக்குத்தான் போகும். நீ ஆறு வருசம் தாங்குவியான்னு கேக்குறாங்க."

அண்ணன் குடிக்கிறவர் இல்லை. அம்மாள் கொடுத்த கண்ணாடிக் கோப்பையை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே இருந்தார். பரணுக்கு ஏறியபோதுதான் அவருக்கு உற்சாகம் வந்தது. அங்கே ஒரு மூலையில் வைக்கோல் அடுக்கியிருந்தது. இனிப்பு ஒயின் ஒன்றுக்காகப் பழங்களை வைக்கோல்மேல் பரப்பி மாதக்கணக்கில் வாட விடுகிற வழக்கம். இப்போது பலரும் தட்டுகளில் வாட்டுகிறார்கள், அம்மாள் மட்டும் கொஞ்சத்தை இன்னும் வைக்கோலில்தான் வைக்கிறார்.

"நாங்க வைக்கோல்ல மாங்காயைப் பழுக்க வைப்போம்னு சொல்லு" என்றார் அண்ணன். மகள் சொன்னாள். அம்மாள் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அண்ணன் விரலை விரித்துக் காட்ட, அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப அவசரக்காரங்க நீங்க."

அண்ணன் மகளின் சரிவு ஊருக்கு மேலே இருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த களிமண். அண்ணன் ஒரு கட்டியை எடுத்துப் பொடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம களிதான். ஆனா கல்லாப் போச்சு." அந்த வருடம் அங்கே நெடுநாளாக மழை இல்லை. வரிசைகளுக்கு நடுவே கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இலைகளின் ஓரம் மஞ்சளடித்திருந்தது. ஆனால் குலைகள் நன்றாக இருந்தன. சிறிய, தோல் தடித்த, பச்சையில் பொன் ஏறத் தொடங்கிய பழங்கள். பறிக்க இன்னும் இரண்டு வாரமாகும் என்றாள். அதற்குள் வந்து பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் தலையாட்டிவிட்டுப் போனதாகவும், அது அங்கே பெரிய பாராட்டு என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஓர் இலையைக் கிள்ளினாள். கிள்ளியதைப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அடுத்த சில நாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன, எது முந்தியது என்று பிரிக்க முடியவில்லை. பனி விலக மதியமாகும். விலகினால் மலைமேல் ஒரு மணிக்கூண்டு தெரியும். நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போனோம். ஒருவர் பீப்பாயின் பக்கவாட்டில் காது வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே புளித்துக்கொண்டிருந்த ஒயினின் மெல்லிய சடசடப்பு, தூரத்து மழைபோல. இன்னொரு தம்பதி, கணவர் பள்ளியில் வாத்தியார், மனைவி ஒயின்காரர். மதிய உணவுக்கு உட்கார வைத்து ஒரே ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மாட்டுக் கன்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் விற்க முயலவில்லை. நான் கேள்வி கேட்டால், யோசித்து, சின்ன விடையாகச் சொன்னார்கள். பாதி நேரம் விடை "பொறுத்துப் பாப்போம்" என்பதுதான்.

அண்ணன் மட்டும் பொறுக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஊருக்கு போன் போடுவார். "மதகு தொறந்தாங்களா? நம்ம முறை எப்ப? கடைசி வயலுக்கு ஏறுச்சா?" அங்கே தண்ணீர் ஏறிவிட்டது என்று கேட்டால் முகம் தெளியும். போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மகளின் சரிவைப் பார்த்தால் மறுபடி வாடும்.

"கண்ணு முன்னாடி காஞ்சு நிக்குது பாப்பா. பாக்க முடியல."

"அது காயலண்ணே. அப்படித்தான் நிக்குமாம்."

"நீ பேப்பர்ல எழுதுறவ. உனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அது நடந்த காலையில் அவள் பட்டணத்துக்குப் போயிருந்தாள், பறிப்பு ஆட்களைப் பற்றிப் பேச. நான் அம்மாளுடன் சமையலறையில் இருந்தேன். சரிவின் தலைமாட்டில் பழக்கூடைகளைக் கழுவ ஒரு தண்ணீர்த் தொட்டியை டிராக்டர் வண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் கொட்டகையில் ஒரு மண்வெட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவள் திரும்பி வந்து மேலே ஏறிப் போய், போனில் என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, மேல வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது வேலை முடிந்திருந்தது. அழகான வேலை. தொட்டியிலிருந்து மேல் வரிசை நெடுகச் சின்ன வாய்க்கால் வெட்டி, ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு மடை வைத்து, சரிவில் தண்ணீர் ஓடி மண்ணை அரிக்காமலிருக்க அங்கங்கே குறுக்கு வரப்புப் போட்டிருந்தார். ஆறேழு வரிசைகளின் மேல்பாதி கறுத்து ஈரமாக மின்னியது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறோடு நின்றிருந்தார். அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மகளைப் பார்த்ததும் மலர்ச்சி போயிற்று.

"கொஞ்சந்தாம்மா. வேருக்கு ஒரு நனைப்பு. அதுக்கு வாய் இல்லையே கேக்குறதுக்கு."

"பழுக்கிற நேரத்துல தண்ணி குடிச்சா பழம் ஊதிரும்ப்பா. தோல் வெடிக்கும். சர்க்கரை குறையும். அழுகல் பிடிக்கும்." அவள் கத்தவில்லை. "சட்டத்தையும் சொன்னேனே."

"இங்க யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். அவர் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. "சரி, வடிச்சு விட்டுர்றேன். இந்தப் பக்கமா ஒரு வடிகால் எடுத்தா பொழுதுக்குள்ள..." மண்வெட்டியை எடுத்தார்.

கீழே அம்மாளின் டிராக்டர் சத்தம். அவர் இறங்கி, வரிசைகளின் ஓரமாக நடந்து, வரப்புகளையும் மடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குனிந்து ஒரு குறுக்கு வரப்பை விரலால் அழுத்தினார். அது உறுதியாக இருந்தது. யார் செய்தது என்று கேட்கவில்லை. அண்ணன் முழங்காலைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் பார்வை ஈர வரிசைகளில் இருந்தது. விரல்கள் சட்டை நுனியைத் திருகின. நனைந்த குலைகளை இன்றே பறித்துவிடலாம், இலைகளை உருவிக் காற்று விடலாம், வேர்ப்பக்கம் கிளறி உலர்த்தலாம் என்று எல்லாமே அவள் நினைத்தாளாம். அன்று மாலைதான் என்னிடம் சொன்னாள். அங்கே அவள் சொன்னது இரண்டே சொல்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இப்ப என்ன செய்யப் போறன்னு கேட்டாங்க."

"நீ?"

"ஒண்ணும் செய்யலைன்னேன்."

அம்மாள் தலையை ஆட்டவும் இல்லை. டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். அண்ணன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா, அத வச்சிருங்க" என்றாள். வைத்தார்.

பறிப்பு வரைக்குமான நாள்களில் குத்தகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் தினமும் காலையில் சரிவுக்குப் போனாள், கத்தரிக்கோல் இல்லாமல். நானும் சில நாள் கூடப் போனேன். நனைந்த வரிசைகளில் பழங்கள் பருத்தன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முதல் தோல் வெடித்தது. குளவிகள் வந்தன. வெடித்த பழத்தில் அவை தலையை விட்டுக் குடிக்கும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி அத்தனை அமைதி. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பனி எங்கள் முழங்கால் அளவில் நகர்ந்துபோகும். கீழே ஒரு நாய் குரைத்தால் வேறு ஏதோ ஊரில் குரைப்பதுபோல இருக்கும். திரும்பி நடப்போம். அண்ணன் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாள் கொண்டுவந்து கொடுத்த வால்நட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தார். அம்மாளும் எதிரில் உட்கார்ந்து உடைப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. உடைத்த பருப்பு ஒரே பாத்திரத்தில் விழுந்தது.

பறித்த அன்று நனைந்த வரிசைகளைத் தனிக் கூடைகளில் பறித்தார்கள். தனியாகப் பிழிந்தார்கள். அதில் ஊர்ப் பெயர் போட முடியாது, வீட்டில் குடிக்கிற ஒயினாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். மீதி வரிசைகளின் சாறு பாதாள அறைக்கு இறங்கியது. இரண்டு நாள் கழித்து நாங்கள் கிளம்பினோம். விடைபெறும்போது அண்ணன் அம்மாளைக் கும்பிட்டார். அம்மாள் அவர் கைகளைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

பதில் வந்தது ஐப்பசியில். அண்ணன் வயலில் சம்பா நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணன் நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை என்று வந்திருந்தேன். அவருடைய போன் என்னிடம் இருந்தது. அது அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு, கை சேறு" என்றார்.

"அப்பா, சரிவு எனக்குத்தான்."

பெண்கள் நிமிர்ந்தார்கள். "என்னண்ணே, பாப்பாவுக்கு நெலம் கெடச்சிருச்சா?" என்றாள் ஒருத்தி. "எத்தன மா?" என்றாள் இன்னொருத்தி.

"என்னம்மா சொன்னாங்க?" அண்ணன் வரப்பருகே வந்துவிட்டார்.

"தண்ணி விட்டது உங்கப்பா. அதுக்கப்புறம் நீ கிட்டப் போன, தொடல. நான் ஜன்னல்லேர்ந்து தெனம் பாத்தேன்னாங்க. அவ்ளோதாம்ப்பா. நாளைக்குக் கையெழுத்து."

"எத்தன வருசம்?"

"பதினெட்டு."

அண்ணன் கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்தார். குத்தகைக்கு எடுத்த நிலத்தை விட்டு யாரும் கிளம்பி வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எத்தனை மா என்று கேட்டவளும் அண்ணனையே பார்த்தாள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா." சேற்றுக் கையைத் தொடையில் துடைத்தார். "நல்லதும்மா. நல்லாப் பாத்துக்க." பிறகு என்னிடம், "போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டு. பாக்கட்டும்" என்றார்.

வீடியோவைப் போட்டு வயலைக் காட்டினேன். நட்ட பாதி, நடாத பாதி, நடுவில் தண்ணீரில் வானம். சின்னத் திரையில் அவளுக்குப் பின்னால் சரிவு முழுக்க மஞ்சள் இலைகள். வெயில் திரையில் பட்டு அவள் முகம் தெரியவில்லை.

"வைக்கச் சொல்லு, நாத்து காயுது" என்று சொல்லிவிட்டு அண்ணன் வயலுக்குள் இறங்கினார். பெண்கள் குனிந்தார்கள். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. சேற்றில் விரல்கள் இறங்கும் சத்தம் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் காற்று. போனை வயலைப் பார்த்துப் பிடித்தபடி வரப்பில் நின்றேன்.